எல்லோருக்கும் அனுப்பிய மாப்பு

மக்கா
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா சபீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நிஷாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் சுகமாக இல்லை. காரணம் நீ.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடமே நாம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், எதிர்வீட்டு ராதிகா பயந்துபோய் வந்து கதவைத் தட்டுகிறாள் என்றுதான் உன் மகள் இந்த மெயில் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தாள். ஆகவே கத்தாமல் எழுதுகிறேன். என் நம்பரை ஊருக்கெல்லாம் கொடுப்பதை நிறுத்து.

போன வாரம் நீ அனுப்பிய ஆவடி தம்பதி வந்து சேர்ந்தார்கள். ரிட்டயர்டு ஆபீசராம். ஏஜெண்டெல்லாம் திருடனாம், அதனால் உம்ரா பயணத்துக்குக் குரூப்பில் வரவில்லையாம். விசா, டிக்கெட், ஓட்டல் எல்லாம் தானே ஆப்பில் போட்டுக்கொண்டாராம். ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும் இதைத்தான் முதலில் சொன்னார், சலாம் அப்புறம்தான். இவ்வளவும் தெரிந்த மனுஷர் இஹ்ராமை, அந்தத் தைக்காத இரண்டு வெள்ளைத் துண்டை, பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டி விமானத்தின் அடிவயிற்றுக்கு அனுப்பிவிட்டார். மக்காவுக்கான எல்லை வரப்போகிறது, அதைத் தாண்டுவதற்கு முன் இஹ்ராம் கட்டிக்கொள்ளுங்கள் என்று மேலே அறிவிப்புக் கொடுத்ததும் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "கீழ் கதவ கொஞ்சம் தொறந்து அந்த நீலப் பொட்டிய எடுத்துக் குடும்மா" என்று கேட்டிருக்கிறார். பேன்ட் சட்டையோடு எல்லையைத் தாண்டி வந்த அவரை, நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தாயிஃப் சாலையில் இருக்கிற எல்லைவரை திரும்பக் கூட்டிப்போய் இஹ்ராம் கட்டவைத்து அழைத்துவந்தேன். வழி முழுக்க எனக்கு அந்த ஆப் எப்படி வேலை செய்கிறது என்று பாடம் எடுத்தார். குதிரை குர்ரம் என்றால் ஆனை அர்ரம், அந்த ரகம்.

குரூப்பில் வருகிறவர்களை மேய்க்க ஒருத்தன் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறான். தனியாக வருகிறவர்களுக்கு அல்லாஹ்வை விட்டால் நான். ஓட்டல் பெயர் தெரியாமல் நிற்பார்கள். பள்ளிவாசலுக்குள் எந்த வாசல் வழியாகப் போனோம் என்று தெரியாது. புருஷன் ஒரு மாடியில் சுற்றுவான், பெண்டாட்டி இன்னொரு மாடியில் சுற்றுவாள், இரண்டு போனும் ஒரே பையில் இருக்கும். நான் ஓட்டல்களில் ஏசி ரிப்பேர் பார்க்க வந்தவன் அக்கா. ஆடு மேய்க்க வரவில்லை.

நிஷாவுக்கு என் அன்பு. அவளாவது புத்தியோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
யூசுப்


நூம்பல்
5 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி யூசுப்புக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் மெயிலை நிஷாவுக்கும் படித்துக் காட்டினேன். நீலப் பெட்டி இடத்தில் இருவரும் சிரித்தோம். மற்றபடி உன் வாய் அப்படியேதான் இருக்கிறது. இந்த வாயை வைத்துக்கொண்டு உனக்குக் கல்யாணம் ஆகாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நம்பரைக் கொடுப்பதை நான் நிறுத்தமாட்டேன். நீ திட்டுவாய், ஆனால் போவாய். அது எனக்குத் தெரியும், பூந்தமல்லி முழுக்கத் தெரியும்.

எனக்கு வேறு ஒரு எரிச்சல். முன்பெல்லாம் பயணம் போகிறவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பயணம் சொல்வார்கள். குற்றம் குறை இருந்தால் மாப்பு செய்யுங்கள் என்று முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பார்கள். அதற்கே பாதிப் பாவம் தீர்ந்துவிடும், அவ்வளவு கூச்சமான வேலை அது. இப்போது போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே செய்தியைத் தள்ளிவிடுகிறார்கள். "உம்ரா பயணம் செல்கிறேன். தெரிந்தோ தெரியாமலோ நான் தவறு செய்திருந்தால் மாப்பு செய்யவும்." கீழே இரண்டு ரோஜாப்பூ. யாருக்கு என்ன செய்தான், அது அவனுக்கே தெரியாது. போன மாதம் கேஸ் ஏஜென்சிக்காரரிடமிருந்து ஒன்று வந்தது. அவர் எனக்கு என்ன தீங்கு செய்தார் என்று ஒரு மத்தியானம் பூரா யோசித்தேன்.

நானும் ஒரு பதில் எழுதி போனில் வைத்திருக்கிறேன். எவர் அனுப்பினாலும் பெயரைக்கூடப் பார்ப்பதில்லை, அப்படியே எடுத்து ஒட்டி அனுப்பிவிடுகிறேன். "அல்லாஹ்வுக்காக முழு மனதோடு மாப்பு செய்தேன். போய் வாருங்கள். மருந்தும் இஹ்ராமும் கைப்பையில் இருக்கட்டும். செருப்பைப் பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லவும். ஓட்டல் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவும். ஆத்திர அவசரம் என்றால் என் தம்பி யூசுப்," பிறகு உன் நம்பர். திருமழிசை கம்பெனியில் கணக்கு எழுதுகிற நேரத்தில் இவர்களுக்கெல்லாம் தனித்தனியாக மன்னிப்பு எழுத எனக்கு நேரம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த வெயிலில் அலையாதே என்று சொல்லிவிட்டு நானே ஆள் அனுப்புகிறேன், என்ன செய்ய.

இப்படிக்கு,
அக்கா சபீனா


மக்கா
21 ஆகஸ்ட் 2025, வியாழன்

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை உட்கார்ந்து படி. நிஷா பக்கத்தில் இருந்தால் அப்புறம் படி.

திங்கட்கிழமை ஒரு போன். "மச்சான், கால் வுட்டுப்போச்சு மச்சான், வா" என்று ஒரு குரல். இங்கே எல்லோரும் என்னை பாய் என்பார்கள், அண்ணே என்பார்கள், மச்சான் என்று கூப்பிட ஆள் கிடையாது. போய்ப் பார்த்தேன். தஸ்தகீர்.

ஆமாம், உன்னுடைய பழைய புருஷன் தஸ்தகீர்தான். அம்பத்தூர் பைப்பு கடை. தனியாக வந்திருக்கிறான். இரண்டாவது பெண்டாட்டி நாலு வருஷத்துக்கு முன்பே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம், அந்தப் பெண்ணுக்காவது காலத்தோடு புத்தி வந்தது.

நடந்தது இதுதான். பள்ளிவாசலில் விட்ட செருப்பு காணாமல் போயிருக்கிறது. எல்லோருக்கும் போகும். அங்கே குவிந்து கிடப்பதில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு போய், எதிரே கடையில் புதுசு வாங்கியிருக்கலாம். இவன் மாட்டமாட்டானாம். அடுத்தவன் செருப்பு ஹராமாம். நண்பகல் வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓட்டல்வரை நடந்திருக்கிறான். பழைய சர்க்கரை நோயாளி, உள்ளங்காலில் உணர்ச்சி கிடையாது. சுட்டதே தெரியவில்லை. கொப்புளம் உடைந்து, சீழ் வைத்து, மூன்றாம் நாள் விரல் கறுத்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவாகும் என்று பயந்தானாம். விசாவோடு இன்சூரன்ஸ் வருகிறது என்பதுகூடத் தெரியாமல் மூணு தேசம் தாண்டி வந்திருக்கிறது அந்த ஜன்மம்.

சேர்த்துவிட்டேன். ஞாயிறு காலை ஆபரேஷன். விரல்களோடு போகுமா, பாதம் போகுமா என்று திறந்து பார்த்துத்தான் சொல்வார்களாம்.

என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "சபீனாதான் அனுப்ச்சா" என்றான். நான் நம்பவில்லை. போனை எடுத்துக் காட்டினான். அல்லாஹ்வுக்காக முழு மனதோடு மாப்பு செய்தேன், போய் வாருங்கள். செருப்பைப் பையில் போட்டு எடுத்துச் செல்லவும் என்பது நாலாவது வரியிலேயே இருக்கிறது, அவன் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டுவிட்டான். வார்டில் ஊசி போட வருகிறவனுக்கெல்லாம் அதைக் காட்டுகிறான். தமிழ் தெரியாத பங்களாதேஷ்காரன் தலையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

தெரிந்து அனுப்பினாயா?

உன் தம்பி
யூசுப்


நூம்பல்
21 ஆகஸ்ட் 2025

யூசுப்,

தெரியாது. அந்த நம்பர் என் போனில் பெயரோடு இல்லை. கஃபாவின் படமும் ரோஜாப்பூவும்தான் இருந்தது. எல்லோருக்கும் ஒட்டுவதுபோல அதற்கும் ஒட்டிவிட்டேன். இப்போது போய்ப் பார்த்தேன், ஜூலை மாதமே அனுப்பியிருக்கிறேன்.

முழு மனதோடு மாப்பு. யாருக்கு? அவனுக்கு.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அங்கே அவனுடைய புண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நிஷாவுக்கு நாலு வயசு. டைபாய்டு. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் அவளோடு கிடந்துவிட்டு, கையில் ஊசி குத்திய பிளாஸ்டர்கூட எடுக்காத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்பத்தூர் வீட்டுக்கு வந்தேன். சாவி நுழையவில்லை. பூட்டை மாற்றியிருந்தான். என் துணிமணியை இரண்டு அரிசிச் சாக்கில் கட்டி எதிர்வீட்டு எல்லம்மாவிடம் கொடுத்திருந்தான். தலாக் அடுத்த வாரம் தபாலில் வந்தது. எல்லம்மா சாக்கைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "நீ இன்னா தப்பு பண்ணே, அவன்தாம்மா பாவி" என்று அழுதாள். நான் அழவில்லை. குழந்தைக்குக் கஞ்சி வைக்க ஒரு அடுப்பு வேண்டியிருந்தது.

தெரிந்தோ தெரியாமலோவாம். எது அவனுக்குத் தெரியாமல் நடந்தது?

நீ அவனுக்கு உதவி செய்வதை நான் தடுக்கவில்லை. நடுரோட்டில் விழுந்து கிடக்கிற நாய்க்கும் தண்ணீர் கொடுக்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர், பக்கத்தில் உட்கார், சூப்பு ஊட்டு. ஆனால் அந்த மாப்பு அவனுக்கு உரியது இல்லை என்று சொல்லிவிடு. ஆள் தெரியாமல் போய்விட்டது, அக்கா கொடுக்கவில்லை என்று சொல். நானே ஒரு வரி அனுப்பலாம் என்று நீ கேட்பாய். அனுப்பமாட்டேன். நான் அனுப்பினால் அவன் பதில் போடுவான், பிறகு நான் போடவேண்டும், அது பேச்சுவார்த்தை ஆகிவிடும். பதிமூன்று வருஷம் மூடிவைத்த வாய் இது.

சபீனா


மக்கா
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

உன் கோபம் நியாயம். அவன் பூட்டை மாற்றிய அன்று நான் ஊரில் இருந்திருந்தால் கதை வேறு. ஆனால் இப்போது கொஞ்சம் யோசி.

நான் இங்கே யாரையும் பிரியத்தோடு தூக்கிவிடுவதில்லை என்று உனக்கே தெரியும். எனக்கு இவர்கள் எல்லோருமே ஒன்றுதான். ஆப் ஆபீசரும் ஒன்று, தஸ்தகீரும் ஒன்று. சுத்தமான மடையர்கள், மடையர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து ஊருக்கு ஏற்றிவிடுகிறேன். இவனை மட்டும் தனியாக நிறுத்தி வெறுத்தால், மற்றவர்களைவிட இவன் பெரிய ஆள் என்று ஆகிவிடாதா? வெறுப்புக்கும் ஒரு தகுதி வேண்டும் அக்கா. அது இவனிடம் கிடையாது. வார்டில் பெட்ஷீட்டை மாற்ற வந்தால்கூடக் குழந்தைபோல அழுகிறான்.

இன்னொன்று. அவன் கேட்டதும் மொத்தமாகத்தான், நீ கொடுத்ததும் மொத்தமாகத்தான். போலிக் கேள்விக்குப் போலிப் பதில். கணக்கு நேராகிவிட்டது. அதை ஏன் நீ நிஜமாக்குகிறாய்?

டாக்டர் சொல்கிறார், சர்க்கரையும் பிரஷரும் ஏறிக் கிடக்கிறதாம். மயக்க மருந்து கொடுக்கிறவரைக்கும் மனசைக் கலக்கவேண்டாமாம். ஞாயிறு தாண்டட்டும். கண் விழித்த பிறகு நானே உட்காரவைத்துச் சொல்கிறேன்.

உன் தம்பி
யூசுப்


நூம்பல்
22 ஆகஸ்ட் 2025

யூசுப்,

ஞாயிறு தாண்டினால் சொல்லி என்ன பிரயோஜனம்?

அவன் இப்போது பயந்துபோய் இருக்கிறான். மனுஷனுக்கு மாப்பு ஞாபகம் வருவது பயத்தில்தான். பிழைத்து எழுந்துவிட்டால் அவனுக்கு யாரிடமும் எதுவும் வேண்டாம், பழையபடி பைப்பு விற்கப் போய்விடுவான். அந்தப் பயத்தோடு அவனிடம் சொல், சபீனா உன்னை மன்னிக்கவில்லை என்று. அப்போதுதான் அவன் கேட்பான். பூட்டை மாற்றினேன், குழந்தை கையில் இருக்கும்போது மாற்றினேன் என்று வாயைத் திறந்து சொல்லிக் கேட்பான். உன் போனை அவன் காதில் வைத்தால் நான் எடுக்கிறேன். என் வாயைத் திறக்கிறேன். கேட்டபிறகு கொடுப்பேனா மாட்டேனா, எனக்கே தெரியாது. ஆனால் என்னிடம் ஒருதரம் கேட்கவேண்டும். எனக்கு வேண்டியது அது மட்டும்தான், பதிமூன்று வருஷமாக.

நீ தத்துவம் பேசாதே. வெறுப்புக்குத் தகுதி வேண்டுமாம். எனக்கு நடந்ததை நீ இன்னொரு காணாமல்போன செருப்புக் கதையாக ஆக்கப்பார்க்கிறாய். ஞாயிறு காலைக்கு முன் சொல். சொல்லாவிட்டால் எனக்குத் தம்பி என்று ஒருத்தன் இல்லை என்று எழுதிவைத்துக்கொள்.

சபீனா


மக்கா
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஞாயிறு காலை அவனை உள்ளே கொண்டுபோவதற்கு முன் சொல்லிவிட்டேன். ஆள் மாறிப் போன செய்தி, அக்கா கொடுத்ததில்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான். போனில் பேசுகிறாயா என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீ எதிர்பார்த்தது நடக்கவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்றும் சொல்லமாட்டேன். அவன் அவ்வளவுதான்.

இரண்டு விரலோடு போயிற்று, பாதம் பிழைத்தது. புண் ஆறியதும் டாக்டரிடம் பயணச் சான்று வாங்கி, வீல்சேர் சொல்லி, விமானத்தில் ஏற்றிவிடுகிறேன். நான் திரும்பவும் ஏசி ரிப்பேருக்குப் போய்விட்டேன். அங்கே குளிர்ச்சியாக இருக்கிறது, யாரும் அழுவதில்லை.

இந்தப் பேச்சை இதோடு விடு. நிஷா காலேஜ் பீஸ் கட்டியாயிற்றா, எப்படிப் படிக்கிறாள் என்று எழுது. நீ எழுதாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, அது உனக்குத் தெரியும்.

உன் தம்பி
யூசுப்


நூம்பல்
5 அக்டோபர் 2025

யூசுப்,

நேற்று சாயங்காலம் தஸ்தகீர் வந்திருந்தான்.

எங்கள் கட்டடத்தில் லிப்ட் ஓடவில்லை, அசோசியேஷன் சண்டை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூணு மாடி ஏறியிருக்கிறான். ராதிகாதான் பாதிப் படியில் பார்த்துத் தண்ணீர் கொடுத்துக் கூட்டிவந்தாள். கையில் ஜம்ஜம் தண்ணீர் கேன், ஒரு பெட்டி பேரீச்சம்பழம். அடையாளம் தெரியவில்லை, அப்படி இளைத்துப்போயிருந்தான். வாசலில் ஒரு நாற்காலி போட்டேன். ராதிகாவைப் போகச் சொல்லவில்லை, அவள் எதிர்வாசலில் நின்றாள்.

"இன்னா சபீனா, நல்லா கீறியா?" என்றான். ஏதோ போன வெள்ளிக்கிழமை பார்த்தமாதிரி.

"இருக்கேன். என்ன விஷயம்?" என்றேன்.

"டாங்க்ஸ் சொல்லிட்டு போலாம்னு வந்தேன். நீ அனுப்ச்ச மாப்பு மட்டும் இல்லாங்காட்டி அந்த ஆஸ்பத்திரிலயே போய்ச் சேந்துகினு இருப்பேன்."

எனக்குப் புரியவில்லை. "யூசுப் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"சொல்லாம இன்னா? ஆபரேசனுக்குத் தள்ளிகினு போறதுக்கு முந்தி கையப் புட்ச்சிகினு சொன்னான். அக்கா மனசாரக் குடுத்துட்டா மச்சான், தைரியமா போய்ட்டு வான்னு. அவனுக்கே கண்ணு கலங்கிப்போச்சு."

நான் அவனிடம் உண்மையைச் சொன்னேன். உள்ளதை உள்ளபடி, சத்தம் போடாமல் சொன்னேன். அது உங்களுக்கு என்று அனுப்பியதில்லை, யார் எவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் அனுப்புகிற செய்தி, உங்களை நான் மன்னிக்கவில்லை என்றேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "இதோ கீதே. எழுத்துல கீது. குடுத்தது குடுத்ததுதானே? யூசுப்பும் சாட்சி. ஆஸ்பத்திரில எல்லாரும் பாத்தாங்கோ" என்றான். கடையில் வாங்கிய சாமானைத் திரும்பக் கேட்டால் பில்லைக் காட்டுகிறவன் மாதிரி.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன் யூசுப். உன்னிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். இப்போதாவது கேட்டுவிடுவான் என்று காத்திருந்தேன். அந்தக் காலைப் பார்த்தேன், பேண்டேஜைப் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ, அவ்வளவு தளர்ந்துதான் இருந்தேன். அவன் போனை பைக்குள் போட்டுக்கொண்டான். எழுந்தான். "அம்பத்தூருக்கு பஸ்ஸு இங்க எங்க நிக்கும்?" என்று கேட்டான். பதிமூன்று வருஷத்தில் என்னிடம் அவன் கேட்டது அது ஒன்றுதான். வேலப்பன்சாவடி ஸ்டாப்பிங் போங்க என்று சொன்னேன். நிஷாவைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பழத்தை ராதிகாவிடம் கொடுத்துவிட்டேன்.

அவனைப் பற்றிப் பேச இனி ஒன்றுமில்லை. அவன் எப்போதும் இப்படித்தான். நான் எழுத உட்கார்ந்தது உன்னைப் பற்றி.

சொல்லிவிட்டேன் என்று எனக்கு எழுதினாய். முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று கதைகூடக் கட்டி எழுதினாய். சொல்லாமல் விட்டிருந்தால், சரி, தம்பிக்கு மனசு வரவில்லை என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். நீ சொல்லாமல் விடவில்லை. என் பெயரைச் சொல்லி, அவன் கையைப் பிடித்து, நான் கொடுக்காததைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறது என்று எல்லம்மா சொல்வாள். உடைத்தவனுக்குக் கண்ணீர் வேறு.

அவன் ஏன் கேட்கவில்லை என்று ராத்திரி பூரா யோசித்தேன். கேட்க அவனுக்கு ஒன்றும் பாக்கி இல்லை, அதுதான் காரணம். நீதான் கொடுத்து அனுப்பிவிட்டாயே. பயந்த நேரத்தில் அவன் என் வாசலுக்கு வரவேண்டியவன். அவனைத் தடுத்து, தட்டிக்கொடுத்து, சுகமாகத் தூங்கவைத்துவிட்டாய். இனி அவன் சாகிறவரைக்கும் என்னிடம் கேட்கமாட்டான். அந்த ஒன்றுக்குத்தான் நான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்று உனக்கு எழுதியும் இருந்தேன்.

நீ எல்லோரையும் மடையன் என்கிறபோது நான் சிரித்திருக்கிறேன். அது உன் வாய், மனசு வேறு என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இல்லை. மனசும் அதுதான். உண்மையைத் தாங்க அவனுக்குத் தெம்பில்லை, ஒரு பொய் சொல்லித் தள்ளிவிடலாம். அக்கா கத்துவாள், அவளுக்கும் ஒரு பொய் எழுதினால் அடங்கிவிடுவாள். அப்படித்தானே? உனக்கு நானும் வழி தெரியாமல் வாசலில் நிற்கிற ஒருத்தி. கையைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடலாம் என்று நினைத்துவிட்டாய். தஸ்தகீர் என்னை வீட்டைவிட்டு வெளியேற்றினான். அது அவனுடைய வீடு. நீ கொடுத்தது என்னுடையது, யூசுப்.

அவனை வெறுக்கத் தகுதி பார்க்கச் சொன்னாயே. பார்த்துவிட்டேன். அவனுக்கு இல்லை. உனக்கு இருக்கிறது.

இதற்குப் பதில் எழுதவேண்டாம். நிஷா பீஸ் கட்டியாயிற்று.

வெள்ளிக்கிழமை பாரிவாக்கத்திலிருந்து ஒரு வயசான தம்பதி தனியாக வருகிறார்கள். முதல் தடவையாக விமானம் ஏறுகிறார்கள். அந்த அம்மாவுக்கு முட்டி தேய்ந்திருக்கிறது, வீல்சேருக்குச் சொல்லிவை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது, உரக்கப் பேசு, ஏளனமாகப் பேசாதே. உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கூப்பிட்டால் எடு. நான் கூப்பிடமாட்டேன்.

சபீனா